பீரோவில் பூட்டிய கல்யாணம்

தை பிறந்துவிட்டால் திருவிடைமருதூர், திருபுவனம், ஆடுதுறை வட்டாரத்துக் கேமராக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மகாலிங்கசாமி கோயிலில் தைப்பூசம் ஒரு பக்கம், வரிசையாக முகூர்த்தங்கள் மறுபக்கம். இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வீட்டுக்கு வரும். கூடவே ஒரு பென் டிரைவ், அல்லது பெண்ணின் தம்பி தன் கேமராவில் எடுத்த படங்களோடு ஒரு மெமரி கார்டு. அம்மா அதை வாங்கி, நகைக்கடன் ரசீது இருக்கும் அதே பர்ஸில் போட்டு பீரோவைப் பூட்டுவார். கொஞ்ச நாளில் அந்தக் கார்டிலேயே பட்டா நகல், பையனின் மார்க் ஷீட், தாத்தாவின் பென்ஷன் காகிதம் எல்லாம் ஏறும். "எடம் காலியாத்தானே கெடக்கு?"

கேமராவுக்கு வாங்கிய கார்டில் மற்ற கோப்புகளை வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம். தாலி கட்டும் படமும் பட்டா நகலும் கார்டுக்கு ஒன்றுதான். சான்டிஸ்க், மட்சுஷிதா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1999இல் எஸ்டி கார்டை அறிவித்தபோதே எந்தக் கோப்பையும் ஏற்கும்படிதான் அமைத்தன. சிக்கல் கார்டைச் சுற்றி நாம் வளர்த்துக்கொண்ட நம்பிக்கைகளில் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெமரி கார்டு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான பொருள். வருஷக்கணக்கில் வைத்துக் காப்பாற்றுவதற்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

"பூட்டி வெச்சா அப்படியே இருக்கும்"

எல்லா நம்பிக்கைக்கும் தாய் இதுதான். கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களை அடைத்து, மின்சாரம் கடத்தாத மெல்லிய படலத்தால் சுற்றி மூடியிருக்கிறார்கள். அறையில் எவ்வளவு எலக்ட்ரான் நிற்கிறதோ அதுதான் தகவல். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. வரப்பு கட்டி நிறுத்திய தண்ணீர் நண்டு வளை வழியாக இறங்குகிற மாதிரி, அந்தப் படலத்தின் வழியாகவும் எலக்ட்ரான் மெல்லக் கசியும். எழுதுவதும் அழிப்பதுமாகப் புழங்கிய கார்டில் படலம் தேய்ந்திருக்கும், கசிவும் கூடுதலாக இருக்கும்.

ஆரம்ப காலத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட். நிறைந்திருக்கிறதா, காலியா என்று பார்த்தால் போதும். இன்றைய கார்டுகளில் பெரும்பாலும் ஓர் அறைக்கு மூன்று பிட், அதாவது எட்டு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு மட்டம். கொஞ்சம் கசிந்தாலே ஒரு மட்டம் இன்னொன்றாகிவிடும். சிறு பிழைகளைக் கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தானே திருத்திக்கொள்ளும். அளவு மீறினால் கைவிரித்துவிடும். ஒரு பிட் அறையை ஏறக்குறைய ஒரு லட்சம் முறை எழுதி அழிக்கலாம் என்பார்கள். மூன்று பிட் அறையில் அது ஆயிரக்கணக்குக்கு இறங்கிவிட்டது. 64 ஜிபி கார்டு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதன் மறுபக்கம் இது.

கசிவை விரட்டுவது வெப்பம். கணினியில் போடும் எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும். இது மெமரி கார்டுக்குப் போட்ட விதி அல்ல, அதுவும் தேய்ந்த சாதனத்துக்கான கணக்கு. அதிகம் புழங்காத புதுக் கார்டு இதைவிடப் பல ஆண்டு தாங்கும். ஆனாலும் அந்த 30 டிகிரியைக் கவனியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிற்கும் இரும்பு பீரோவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். எஸ்டி கார்டு மைனஸ் 25இலிருந்து 85 டிகிரி வரை வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பொய்யில்லை. அந்தச் சூட்டில் வேலை செய்வது வேறு, வருஷக்கணக்கில் மறக்காமல் இருப்பது வேறு.

கல்லைவிட உறுதியான சேமிப்பு உண்டா? அதையே நம்பி விட்டுவிடவில்லை திருவிடைமருதூரில். மகாலிங்கசாமி கோயிலைச் சோழர் காலத்தில் கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பல்லவ நந்திவர்மன் விளக்கெரிக்கப் பொன் கொடுத்த செய்தியைப் பழைய கல்லிலிருந்து படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். திருமழபாடிக் கல்வெட்டு அந்த நடைமுறையைப் படிப்படியாகவே சொல்கிறது. விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை திரும்பக் கல்லேறின. இடையில் ஒரு மாமாங்க காலத்துக்கு அந்தப் படிதான் ஆதாரம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கொடை இன்று நமக்குத் தெரிகிறதென்றால், கல் கெட்டியாக இருந்தது பாதிக் காரணம். படியெடுக்க யாரோ மெனக்கெட்டது மீதிக் காரணம்.

கார்டுக்கும் இதே வேலைதான். ஆயுத பூஜை அன்று ஸ்டுடியோவில் கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள் இல்லையா, வீட்டிலும் அன்றைக்கே பீரோக் கார்டை எடுங்கள். உள்ளதைக் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் கோப்பு அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போக வழியுண்டு. காப்பியான கோப்புகளின் எண்ணிக்கை சரியா, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு கார்டை ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றினால், அறைகளில் எலக்ட்ரான் புதிதாக நிரம்பும். வருஷத்துக்கு ஒரு தடவை கணினியில் சொருகி எடுத்தாலே போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. மின்சாரம் பட்ட மாத்திரத்தில் கார்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. திரும்ப எழுதினால்தான் உத்தரவாதம்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் 3-2-1 என்று ஒரு வாய்ப்பாட்டைப் பரப்பினார். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். நம் வீட்டுக் கணக்கில் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கும்பகோணத்து அக்கா வீட்டில் ஒன்று. கார்டு நான்காவதாக இருக்கட்டும்.

"கேமரா கார்டுலயே ஓரமா ஒரு ஃபோல்டர் போட்டுக்கலாம்"

போடலாம்தான். ஆனால் கேமரா தன் படங்களை டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளும். அதற்கு வெளியே இருப்பதைத் திரையில் காட்டாது. எல்லாப் படத்தையும் அழி என்று கொடுத்தால் படங்கள் போகும், உங்கள் பட்டா தப்பிக்கும். ஃபார்மட் கொடுத்தால் காட்டாததும் சேர்ந்து போகும். ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்பும் கேமராக்காரர் படங்களை இறக்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு, கேமராவுக்குள்ளேயே வைத்து ஃபார்மட் செய்துவிட்டுத்தான் புறப்படுவார். அது சரியான பழக்கம். அந்தச் சரியான பழக்கம்தான் ஓரத்து ஃபோல்டரைக் கொல்கிறது.

மண்டபத்தில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கெட்டிமேளம் நெருங்குகிறது. கேமராவின் பக்கவாட்டு மூடியை விரலால் தள்ளி, கார்டை ஒரு அழுத்து அழுத்த, அது துள்ளி வெளியே வருகிறது. இடுப்புப் பையில் கார்டு உறை. காலிக் கார்டுகள் பெயர் தெரியும்படி நிமிர்ந்திருக்கும். படம் ஏறியவை முகம் கவிழ்ந்திருக்கும். நல்ல கைக்காரர் கவிழ்ந்திருப்பதைத் தொடவே மாட்டார். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால் ஒரே படத்தை இரண்டிலும் எழுத வைத்துவிடுவார். இத்தனை கட்டுப்பாடும் அவர் படங்களுக்கு. மச்சான் முறையில் நீங்கள் இரவல் கொடுத்த கார்டு நிமிர்ந்த வரிசையில்தான் இருக்கும்.

ஆகவே கோப்புக்கென்று தனிக் கார்டு. மேலே பேனாவால் 'ஆவணம்' என்று எழுதி, கேமராப் பை பக்கமே போகாமல் வைத்திருங்கள்.

கார்டில் இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து திருத்துவதும் வேண்டாம். ஒவ்வொரு சேமிப்புக்கும் கார்டில் எழுத்து நடக்கும், தற்காலிகக் கோப்புகளும் அங்கேயே உருவாகும். கணினிக்கு இறக்கி, வேலையை முடித்து, திரும்ப ஏற்றுவது நல்லது. கார்டுகள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை கெட்டால், நடந்ததைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்யும் பதிவேடு இந்த இரண்டிலும் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கார்டு நன்றாக இருந்தாலும் அட்டவணை பாதியில் நிற்கும். 'இஜெக்ட்' கொடுப்பது வெறும் சடங்கு என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு: விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து வேகமாகக் கழற்றும் முறைதான் இயல்பாக வருகிறது. ஆனால் காப்பி ஓடும்போது பிடுங்கினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. போனில் கழற்றுவதற்கு முன் 'அன்மவுன்ட்' கண்டிப்பாக வேண்டும்.

"லாக் போட்டிருக்கேன், யாரும் அழிக்க முடியாது"

பெரிய எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு மேலும் கீழும் நகரும். நகத்தால் தள்ளிப் பாருங்கள். அதற்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் ஒரு கம்பித் தொடர்புகூடக் கிடையாது. கார்டு ரீடருக்குள் ஒரு நுண்சுவிட்ச் அந்தத் துண்டு எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்க்கும். 'லாக்' என்று தெரிந்தால் எழுதாமல் இருப்பது ரீடரின் நல்ல மனசு. கவனக்குறைவிலிருந்து அது காப்பாற்றும், அவ்வளவே. அந்தத் துண்டு விழுந்துவிட்டால் கார்டு எப்போதும் லாக்காகவே தெரியும். கடைக்காரர் தூக்கிப் போடச் சொல்வார். பள்ளத்தின் மேல் சிறு செலோ டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

"எல்லாம் வைரஸ் வேலை"

பாதி நேரம் உண்மைதான். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ நாள் முழுக்க நூறு பேரின் பென் டிரைவைத் தின்னும் கணினியில் உங்கள் கார்டைச் சொருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி வரும். பயந்துபோய் ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் அழிந்திருக்காது, மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, நல்ல கணினியில் இறக்கிக்கொண்டு, பிறகு கார்டைத் துடைக்கலாம். அந்த ஷார்ட்கட்டைத் திறக்க மட்டும் கூடாது. கடைக்குப் போகும்போது பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரு கோப்பை மட்டும் ஒரு தனிப் பென் டிரைவில் கொண்டுபோனால் இந்த வம்பே இல்லை.

இன்னொரு கோளாறை வைரஸ் என்று தவறாக நினைப்பது அதிகம். கோப்பை அழிக்கிறீர்கள், போய்விடுகிறது. கார்டைக் கழற்றிச் சொருகினால் அழித்த கோப்பு திரும்ப வந்து நிற்கிறது. ஃபார்மட் செய்தாலும் அதே. கடையில் "பெரிய வைரஸ்ண்ணே" என்பார்கள். உண்மையில் அது கார்டின் கடைசிக் காலம். கெட்டுப்போன அறைகளுக்கு மாற்றாக வைத்திருந்த உபரி அறைகளும் தீர்ந்ததும், கட்டுப்பாட்டுச் சில்லு இனி எழுத விடாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும். போகிற போக்கில் அது செய்யும் உபகாரம் என்று எடுத்துக்கொண்டு, உடனே எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டுக் கார்டைக் கைகழுவுங்கள். வாசலில் மாட்டிய வைஃபை கேமராவில் சாதாரணக் கார்டு சீக்கிரம் சாவதும் இப்படித்தான். இரவு பகலாக எழுதும் வேலைக்கென்று அதிக ஆயுள் கார்டுகள் தனியாக விற்கிறார்கள். அங்கே கழற்றியதைக் கோப்பு வைக்கக் கொண்டுவராதீர்கள்.

இடம், வேகம், ஏமாற்று

64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் கடைக்காரர் திருடவில்லை. நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 32 ஜிபி கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தும் ஒரு பெரிய வீடியோவை ஏற்க மறுத்தால் கார்டு டூப்ளிகேட் அல்ல. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை. கிளாஸ் 10, யு3, வி30 என்ற குறிகளைப் பார்த்து "இது நல்லா தாங்கும்" என்பார்கள். அவை குறைந்தபட்சம் விநாடிக்கு 10 அல்லது 30 எம்பி எழுதும் என்ற வேகக் கணக்கு. ஆயுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையான ஏமாற்று வேறொன்று. சந்தையிலும் ஆன்லைனிலும் சல்லிசாக வரும் '1 டிபி' கார்டுகள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சில்லு. தன்னை 1 டிபி என்று அறிமுகம் செய்துகொள்ளும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருப்பார்கள். முதல் சில நாள் நன்றாக நடக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஓடும், கோப்பின் பெயரும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். எந்தக் கடையில் வாங்கினாலும் முதல் நாள் இந்தச் சோதனை. பொறுமையைச் சோதிக்கும் நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

காந்தம், எக்ஸ்ரே, அரிசி

ஸ்பீக்கர் காந்தம் பக்கத்தில் வைத்தால் கார்டு அழிந்துவிடும் என்பது ஃபிளாப்பி காலத்து பயம். திருச்சி விமான நிலைய எக்ஸ்ரேயில் படம் போய்விடும் என்பது ஃபிலிம் சுருள் காலத்து பயம். இரண்டையும் விடலாம்.

காவிரியில் தீர்த்தவாரி பார்க்கப் போய், சட்டைப்பையோடு கார்டும் நனைந்தால் அரிசிப் பானைக்குள் போடுவது மூன்றாவது. நெற்களஞ்சியத்தில் எல்லாவற்றுக்கும் அரிசிதான் மருந்து போலிருக்கிறது. பக்கத்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆடுதுறை 36 ரகத்துக்கும் இந்தக் குணம் கிடையாது, 43க்கும் கிடையாது. நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே புகும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதிவிட்டது. மைக்ரோ எஸ்டி பிசினில் வார்த்த கட்டி, தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. சேற்றுத் தண்ணீரானால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஓரிரு நாள் காயவிட்டு, பொன்னிறத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்துச் சொருகலாம். ஈரத்தோடு சொருகினால்தான் கெடும்.

"போன் போனாலும் கார்டு இருக்கே"

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உள் சேமிப்பாகவே மாற்றும் வசதி பல போன்களில் உண்டு. கார்டைப் போட்டதும் கேட்கும். இடம் அதிகமாகும் என்று எதையோ அழுத்திவிடுவோம். அந்த நிமிஷமே கார்டு குறியாக்கம் செய்யப்பட்டு, சாவி அந்தப் போனுக்குள் தங்கிவிடும். போன் செத்தால் கார்டு இருந்தும் பயனில்லை. கோப்பு வைக்கும் கார்டுக்கு 'போர்ட்டபிள்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன்" என்பதும் சேமிப்பு ஆகாது. படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் போகும். "ஸ்டுடியோவுல இருக்கும்" என்பதும் பழைய கதை. அன்றைய ஸ்டுடியோக்களில் சில நெகட்டிவைத் தலைமுறை தாண்டி வைத்திருந்தன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தால் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்க முடிந்தது. இன்றைய ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்க் அடுத்த சீசனுக்குக் காலியாக வேண்டும்.

எல்லாக் கோப்புக்கும் இத்தனை கவலை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் திரும்ப எடுக்கலாம். டிஜிலாக்கரில் ஆதார் இருக்கிறது. திரும்ப எடுக்க முடியாதவை கல்யாணப் படங்கள், இறந்துபோன பாட்டியின் குரல், திருபுவனத்து நெசவாளர் தானே வரைந்த முந்தானை டிசைன். மூன்று படி எடுக்கும் உழைப்பை இவற்றுக்குச் செலவழியுங்கள்.

"ஃபார்மட் பண்ணிட்டா எல்லாம் போயிடும்"

தவறுதலாகக் கொடுத்தவர் இதை நம்பி அழுகிறார். பழைய கார்டை விற்பவர் இதையே நம்பி நிம்மதியாக இருக்கிறார். இரண்டு பேருமே பெரும்பாலும் தப்பு. வழக்கமான ஃபார்மட் அட்டவணையைத்தான் அழிக்கும். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். தவறுதலாகக் கொடுத்துவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பெரும்பகுதியை மீட்டுவிடும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். சில்லே செத்த மைக்ரோ எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. அதில் எல்லாம் ஒரே வார்ப்பு, திறந்து ஒட்டவைக்கப் பாகம் என்று ஒன்று கிடையாது.

இரவல் கொடுக்கும்போதும் விற்கும்போதும் வழி தலைகீழ். ஃபார்மட் செய்து, ஏதாவது சினிமாவைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்து கார்டை விளிம்பு வரை நிரப்பி, மறுபடி ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுங்கள். எழுத மறுக்கும் கிழட்டுக் கார்டில் இதுவும் நடக்காது. அதைக் கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டும். மைக்ரோ எஸ்டி ஏறக்குறைய முழுக்கச் சில்லுதான், நடுவே இரண்டு வெட்டு போதும். பெரிய கார்டில் சில்லு எந்தப் பக்கம் இருக்கிறதென்று வெளியே தெரியாது. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு.